முன் சக்கரத்துக் கறுப்பு

அலாய் வீல் போட்ட காரைத் தம் கையால் கழுவுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின் சக்கரங்கள் ஒரு வாளித் தண்ணீரிலும் கொஞ்சம் ஷாம்புவிலும் பளிச்சென்று ஆகிவிடும். முன் சக்கரங்கள் அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வராது. ஆரங்களின் இடுக்கில் விரலை விட்டுத் தேய்த்தால் விரல்நுனி கறுத்துப்போகும். சோப்பு போட்டாலும் ரேகைகளில் கொஞ்சம் தங்கிவிடும். சாலைப் புழுதியாக இருந்தால் நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும், மண்ணின் நிறத்தில் இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. இது பிரேக்கிலிருந்து வருகிறது.

ஓடும் கார் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்களுக்குத் தரைப்பிடி குறைகிறது, முன் சக்கரங்களுக்குக் கூடுகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு முன் பிரேக்குகளின் தலையில் விழுகிறது. உழைக்கிற இடத்தில்தானே தேய்மானம். போதாததற்கு, நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். அதன் தூள் பெருமளவு டிரம்முக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். முன் சக்கரத்து டிஸ்க்கோ திறந்த வெளியில் சுழல்கிறது.

அந்தக் கறுப்பு முழுவதும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடின் தூள் என்று நினைப்பது பாதிதான் சரி. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேடு தேயும்போது டிஸ்க்கும் கூடவே தேய்கிறது. அதனால் பிரேக் தூளில் மிகுந்திருப்பது இரும்பு. சூடாகப் பறந்து வரும் இரும்புத் துகள் சக்கரத்தின் மேல்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருவேறி, அங்கேயே ஊன்றிக்கொள்கிறது. கழுவக் கழுவப் போகாமல் பழுப்புப் புள்ளிகளாக மிஞ்சுவது இதுதான்.

பேடு மாற்ற வேண்டிய நாள் வந்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி விலை. அடுத்தது, சக்கரத்தைக் கறுப்பாக்காத பேடு இருக்கிறதா என்பது. இரண்டாவது கேள்வி நியாயமானது போலத் தோன்றினாலும், அதற்குள் ஒரு பெரிய பிசகு இருக்கிறது. சக்கரத்தில் படிகிற தூள் கண்ணுக்குத் தெரிகிற தூள். அது சக்கரத்தோடு நின்றுவிட்டது. நுரையீரலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கிற மற்றொரு பங்கு. தேய்ந்த பொருளின் எடையில் பாதியை நெருங்கும் அளவு காற்றில் ஏறிவிடலாம். சக்கரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பேடு காற்றையும் சுத்தமாக வைத்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சில சமயம் நேர்மாறாகவும் இருக்கிறது.

அதைப் பார்ப்பதற்கு முன், பேடு என்ற இந்தச் சிறிய துண்டு தாங்க வேண்டியது என்ன என்று பார்த்துவிடலாம்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 3.86 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். அவசரமாக பிரேக் மிதித்தால் இவ்வளவும் மூன்று நான்கு வினாடிக்குள் வெப்பமாக மாறி டிஸ்க்கிலும் பேடிலும் இறங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. மலைப்பாதையில் கணக்கு இன்னும் கடுமையானது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கார் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்தால் 176 லட்சம் ஜூல். அறுபது லிட்டர் தண்ணீர் கொதிக்கும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு இறங்கினால் மிச்சம் எல்லாம் பிரேக்குக்குத்தான்.

பேடின் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது ஃபீனாலிக் பிசின். சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது அது சிதையத் தொடங்கி வாயுவை உமிழ்கிறது. உராய்வு சட்டென்று விழுகிறது. மிதித்தால் பெடல் கல்லாக நிற்கும், ஆனால் வண்டி நிற்காது. இது ஒரு வகை ஆபத்து. இன்னொரு வகையில் பெடல் தரைவரை பஞ்சாக இறங்கிவிடும். அது பேடின் குற்றமே இல்லை, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டதன் விளைவு. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கலாம். எவ்வளவு உயர்ந்த பேடு போட்டாலும் நான்கைந்து வருடப் பழைய ஆயிலோடு மலை இறங்குவது உயிரோடு விளையாடுவது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது மெக்கானிக் காசு பார்ப்பதற்கான வழி என்று பலர் தட்டிக்கழிக்கிறார்கள். பேடுக்குச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிட வேண்டும்.

இந்தப் பேடுகளைச் செய்யும் இந்தியாவின் பிரேக் லைனிங் தொழிலில் சென்னைக்கு முதன்மையான இடம் உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962இல் பாடியில் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964ஆம் ஆண்டின் நிறுவனம். அம்பத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் பேருந்து நிறுத்தம் போலப் பழகியது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல் வந்தது. உற்பத்தித் தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு சுந்தரம் பிரேக் லைனிங்ஸுக்கு 2001இலும் ரானே பிரேக் லைனிங்குக்கு 2003இலும் கிடைத்தது.

இந்த ஆலைகளில் நடப்பது ஒரு வகைப் பாகம் சேர்க்கும் வேலைதான். ஒரு பேடில் பத்து முதல் இருபதுக்கு மேற்பட்ட பொருள்கள் சேரும். பிசின், நார்கள், எஃகு இழை, மசகாகக் கிராஃபைட், கனத்துக்குப் பேரைட் மாவு, டிஸ்க்கைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கச் சிர்க்கோனியம் சிலிக்கேட் போன்ற கடினத் தூள். எல்லாவற்றையும் உலர்வாகக் கலந்து, எஃகுத் தகட்டின் மேல் கொட்டி, சூடான அச்சில் அழுத்தி, பிறகு மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைக்கிறார்கள். எது எவ்வளவு என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் ரகசியம்.

அந்தப் பட்டியலில் முந்திரியும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் கரிய, காரமான எண்ணெய் ஒன்று இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவது அதுதான். அதற்காகவே சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருகிறார்கள். அந்த எண்ணெயைச் சூடாக்கி, கெட்டிப்படுத்தி, பொடியாக அரைத்தால் கிடைப்பது உராய்வுத் தூள். 1920களில் அமெரிக்க வேதியியலாளர் மார்ட்டிமர் ஹார்வி முந்திரி எண்ணெய்ப் பிசின்களுக்குத் தொழில் பயன்களைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து உலகின் பிரேக் லைனிங்குகளில் அது இருக்கிறது. பேடுக்குக் கொஞ்சம் மென்மையைக் கொடுத்து, கிறீச்சிடும் சத்தத்தை அடக்கி, தேய்மானத்தைக் குறைப்பது அதன் வேலை.

சத்தம் பிரேக்கின் பரம்பரை நோய். இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது டிஸ்க்கைப் பிடித்தது தாமிரப் பட்டை. உலோகத்தோடு உலோகம் உரசி அலறியது. அதைத் தீர்த்தவர் டெர்பிஷயரின் ஹெர்பர்ட் ஃபுரூட். மலைச்சாரலில் இறங்கும் குதிரை வண்டிகளுக்கு 1897இல் பிரேக் கட்டை செய்யத் தொடங்கி, தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு ஃபெரோடோ என்று நிறுவனத்துக்குப் பெயர் வைத்தவர் அவர். கல்நாரை பிரேக்கில் சேர்த்ததும் அவரே. கல்நார் தீப்பிடிக்காது, நூலாக நெய்யலாம், மலிவு, சத்தமும் குறைவு. ஏழெட்டுப் பத்தாண்டுகளுக்கு உலகின் வண்டிகள் எல்லாம் கல்நாரால் நின்றன.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கல்நார் ஆலைத் தொழிலாளர்களும் பிரேக் வேலை செய்த மெக்கானிக்குகளும். கல்நார் இழை நுரையீரலில் குத்தி நின்று, இருபது முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிவருகிறது. பிரிட்டன் 1999இல் வெள்ளைக் கல்நாரைத் தடைசெய்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1989இல் போட்ட தடையை 1991இல் நீதிமன்றம் பெருமளவு ரத்து செய்தது. வெள்ளைக் கல்நாருக்கு அங்கே முறையான தடை 2024இல்தான் வந்தது. இந்தியாவில் முழுத் தடை இன்றும் இல்லை. பெயர் தெரிந்த நிறுவனங்கள் கல்நார் இல்லாத பேடுகளுக்கு எப்போதோ மாறிவிட்டன. ஆனால் முகவரியே இல்லாத அட்டைப்பெட்டியில் மலிவாக வரும் பேடில் என்ன இருக்கிறது என்று பார்வையால் சொல்ல யாராலும் முடியாது. டூப்ளிகேட் பேடை மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான். அது சரியாக நிற்குமா நிற்காதா என்பதெல்லாம் பிறகு.

கல்நார் போனபின் அதன் இடத்துக்குப் பல நாடுகள் பல வழியில் பதில் தேடின. அமெரிக்காவும் ஜப்பானும் கல்நார் இல்லாத ஆர்கானிக் கலவைக்குப் போயின. அதில் எஃகு இல்லை அல்லது மிகக் குறைவு. சத்தம் குறைவு, தூள் குறைவு, டிஸ்க்குக்கு நல்லது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்தும் வண்டி நிற்க வேண்டியிருந்ததால், ஐரோப்பா கொஞ்சம் எஃகும் கடினத் தூளும் கூடிய கலவையைப் பிடித்துக்கொண்டது. லோ மெட்டாலிக் என்பார்கள். கடி நன்றாக இருக்கும், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும், தூள் ஏராளமாக விழும். ஜெர்மானியச் சொகுசுக் கார்களின் முன் சக்கரங்கள் ஒரே வாரத்தில் கறுத்துப்போவது இதனால்தான். செமி மெட்டாலிக் பேடில் உலோகம் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இருக்கும். சூட்டைத் தாங்கும், குளிர்ந்த நிலையில் பிடி சற்று மந்தம், சத்தமும் உண்டு. செராமிக் என்று விற்பது உண்மையில் ஆர்கானிக் குடும்பத்தின் மேல்தட்டு. பொட்டாசியம் டைட்டனேட் போன்ற செராமிக் இழைகள் சேர்ந்தது. விழும் தூள் வெளிர் நிறம், சக்கரத்தில் ஒட்டுவது குறைவு. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் டிஸ்க்கே கார்பன் செராமிக்கால் இருப்பது வேறு சமாச்சாரம். கடைக்காரர் சில நேரம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்.

எஃகைக் குறைத்தபோது, சூட்டைப் பரப்புவதற்கு வேறு ஏதோ வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குத் தாமிரம் வந்தது. வெப்பத்தை வேகமாகக் கடத்தும், உராய்வைச் சீராக வைக்கும், சத்தத்தையும் குறைக்கும். பல ஆர்கானிக், செராமிக் பேடுகளில் மினுங்கும் செந்நிறப் புள்ளிகள் அதுதான். பொறியாளருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

சிக்கலை முதலில் காட்டியது தண்ணீர். 1990களில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்பகுதியில் தாமிரம் மிகுந்திருந்தது. ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தியும் மழைநீரோடு தாமிரம் வந்துகொண்டே இருந்தது. தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் சாலையும் பிரேக் தூளும். வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் கோஹோ சால்மன் மீன்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் தாமிரம் கரைந்திருந்தாலே இளம் மீனின் மோப்ப சக்தி மழுங்குகிறது. பக்கத்தில் ஒரு மீன் கடிபட்டால் நீரில் பரவும் எச்சரிக்கை வாசனையை அதனால் உணர முடிவதில்லை. ஆபத்து வரும்போது அசையாமல் பதுங்க வேண்டிய மீன் நீந்திக்கொண்டே இருந்து இரையாகிறது. ஒரு கார் வளைவில் வேகம் குறைத்ததற்கும் ஓர் ஓடையில் ஒரு மீன் இறந்ததற்கும் இடையில் இவ்வளவு நேரான பாதை இருக்கும் என்று யார் எண்ணியிருப்பார்?

2010இல் வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் சட்டம் இயற்றின. கலிஃபோர்னியா கணக்குப்படி பேடில் தாமிரம் 2021 முதல் எடையில் 5 சதவீதத்துக்குள், 2025 முதல் 0.5 சதவீதத்துக்குள். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் பேடுப் பெட்டிகளில் மூன்று இலைகள் கொண்ட சின்னத்தைக் காணலாம். மூன்று இலையும் நிரம்பியிருந்தால் 0.5 சதவீதத்துக்குக் குறைவு. பேடின் முதுகில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தாகவும் இது அச்சிடப்படுகிறது. ஒரே ஆலை பல நாட்டுக்கும் பேடு செய்வதால் இந்தச் சின்னம் இந்தியக் கடைகளிலும் சில பெட்டிகளில் தென்படுகிறது. தேடிப் பார்த்து வாங்கத் தகுந்த சின்னம்.

மீனுக்கு ஆகாதது மனிதருக்கு எப்படி? 2025இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. லோ மெட்டாலிக், செமி மெட்டாலிக், ஆர்கானிக், ஹைப்ரிட் செராமிக் ஆகிய நான்கு வகைப் பேடுகளின் நுண்தூளையும் டீசல் புகைத் துகளையும் ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். மிகுந்த பாதிப்பைச் செய்தது ஆர்கானிக் பேடின் தூள். அடுத்தது செராமிக். டீசல் துகளைவிடவும் இவை கடுமையாக இருந்தன. இரண்டிலும் தாமிரம் மிகுதி. தாமிரத்தைப் பிடித்து அகற்றும் வேதிப்பொருளைச் சேர்த்ததும் பாதிப்பு குறைந்தது. சக்கரத்தைச் சுத்தமாக வைக்கிறது என்று அதிக விலை கொடுத்து வாங்கும் வகைகளே பட்டியலின் உச்சியில் வந்தது கவனத்துக்குரியது. இது செல்களின் மேல் நடந்த சோதனை, தெருவில் நடக்கும் மனிதரின் மேல் நடந்தது அல்ல. தாமிரம் நீக்கிய ஆர்கானிக் பேடுக்கு இதே தீர்ப்பு பொருந்தும் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வெளிர்த் தூளை வெகுளித் தூளாக நினைக்கும் பழக்கத்தை இது உடைக்கிறது.

தெருவின் காற்றைப் பற்றி வேறு எண்கள் உண்டு. பிரிட்டன் அரசின் காற்றுத்தர வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், சாலைப் போக்குவரத்திலிருந்து நேரடியாக வரும் பி.எம். 2.5 எனும் மிக நுண்ணிய துகளில் 60 சதவீதமும் பி.எம். 10 துகளில் 73 சதவீதமும் பிரேக், டயர், சாலைத் தேய்மானத்திலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. பிரேக் தூள் கூடியதால் மட்டும் வந்த நிலை அல்ல இது. ஃபில்டர்கள் வந்தபின் புகைக்குழாய் சுத்தமாகிவிட்டது. பிரேக் அப்படியே நின்றது. கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் 2024இல் நடந்த ஆய்வில், பிரேக்கிலிருந்து கிளம்பும் காற்றுத் துகள்களில் 80 சதவீதம்வரை மின்னூட்டம் கொண்டவை என்று தெரிந்தது. இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மின்னூட்டம் உள்ள துகளை மின்புலம் வைத்துக் காற்றில் கலக்கும் முன்பே பிடித்துவிட வாய்ப்பு உண்டு.

சட்டமும் பிரேக்கை எட்டிவிட்டது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி, 2026 நவம்பர் இறுதியிலிருந்து புதிய ரகக் கார்களுக்கு பிரேக் தூளிலும் வரம்பு வைக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு பி.எம். 10 அளவில் 7 மில்லிகிராம். முழு மின்காருக்கு 3 மில்லிகிராம். ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியாவின் பி.எஸ். 6 விதியில் டீசல் காரின் புகைத் துகளுக்கான வரம்பு 4.5 மில்லிகிராம். அதாவது புகைக்குழாயைவிட பிரேக்குக்கு அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் கார் இந்த வரம்புக்குள் நின்றாலும் 70 கிராம் நுண்தூளை ஊருக்குள் விடும். சோதனை முறை கடுமையானது. மூடிய அறையில் ஒரு பிரேக்கை மட்டும் சுழலவிட்டு, 192 கிலோமீட்டர் ஓட்டத்தில் 303 முறை பிடித்து, வெளிவரும் துகளின் மாதிரியைச் சேகரித்து எடைபோடுகிறார்கள். பி.எஸ். 6 பிரேக்கைத் தொடவில்லை. இனி வரும் விதிகளாவது தொட வேண்டும். நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நம் நகரங்களுக்கு இது ஐரோப்பாவைவிட அவசரமான தேவை.

இனி கடைக்குப் போகலாம்.

முதல் வேலை, பேடு தேய்ந்திருக்கிறதா என்று தானே பார்ப்பது. சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே கைபேசி வெளிச்சத்தைக் காட்டினால், பேடுகளைத் தாங்கும் கேலிப்பருக்குள் டிஸ்க்கை ஒட்டி நிற்கும் பேடின் விளிம்பு தெரியும். புதிதில் உராயும் பகுதி பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து தெரிவது வெளிப்புறப் பேடு மட்டும் என்பது நினைவில் இருக்கட்டும். கேலிப்பரின் சறுக்கு முளை துருவேறி இறுகியிருந்தால் உட்புறப் பேடு வெளிப்புறத்தைவிட வெகுவேகமாகத் தேய்ந்து தகடுவரை போயிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். பல பேடுகளில் ஒரு சிறிய எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். சக்கரம் உருளும்போது கேட்டு, பிரேக் மிதித்தால் மாறுகிற மெல்லிய கீச்சொலியை ரேடியோ சத்தத்தில் மறைக்கக் கூடாது.

பேடைக் கையில் எடுத்தால் முதுகிலோ விளிம்பிலோ ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். நீண்ட எண்வரிசையின் முடிவில் எஃப்.எஃப்., ஜி.எஃப்., இ.இ. என்று இரண்டு எழுத்துகள் தென்பட்டால் அவை உராய்வின் அளவு. இ என்றால் உராய்வெண் 0.25க்கும் 0.35க்கும் இடையில்; எஃப் 0.35 முதல் 0.45; ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது மிகுந்த சூட்டில். எழுத்து வரிசையில் பின்னே போகப்போக உயர்ந்த தரம் என்று எண்ண வேண்டாம். காரைச் செய்தவர்கள் முன்னும் பின்னும் எவ்வளவு பிடி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பின் சக்கரத்தில் மட்டும் கடி கூடிய பேடு போட்டால் மழைநாளில் அந்தக் கணக்கு குலைந்து வண்டியின் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். பார்க்க வேண்டியது, இரண்டு எழுத்துக்கும் இடையே சரிவு இல்லாமல் இருப்பது. சூட்டில் எழுத்து இறங்குகிற பேடு மலைக்கு ஆகாது.

இதைவிட நம்பகமானது வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட ஐரோப்பியச் சான்று முத்திரை. ஐ.நா.வின் 90ஆம் விதிமுறைப்படி, மாற்றுப் பேடின் செயல்திறன் அந்தக் காரின் மூலப் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உராய்வெழுத்து சிறு துண்டு மாதிரியில் எடுத்த அளவு. இந்த முத்திரை அந்த வண்டிக்கென்றே சோதித்துக் கிடைத்தது.

ஊருக்குள் ஆபீஸும் பள்ளிக்கூடமுமாக ஓடும் காருக்குத் தாமிரம் நீக்கிய ஆர்கானிக் அல்லது செராமிக் பேடு நல்ல தேர்வு. அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள், ஆட்களும் சுமையுமாக நெடுந்தூரம் ஓடும் வாடகைக் கார்காரர்கள் சூடு தாங்கும் உலோகக் கலவைக்குப் போகலாம். தூளையும் டிஸ்க் தேய்மானத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதை எடுப்பது என்று தெளிவில்லாதவர்கள் கார் நிறுவனம் முதலில் போட்ட அதே ரகத்தை எடுத்தால் தவறு நேராது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மாற்றவே கூடாது. முன்னிரண்டும் ஒன்றாக, பின்னிரண்டும் ஒன்றாக. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கடைந்து ஒப்பேற்றுவதில் அர்த்தமில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பேடு மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. ஒர்க் ஷாப் வாசலிலேயே சுவரில் இடித்த கார்களின் கதை இதுதான். அதன்பின் பழக்குவது. காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு, மிதமாக மிதித்து, முழுதாக நிற்காமல் பத்துமுறை இறக்கி, இடையிடையே ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் பரவுவதற்கு இது. படலம் திட்டுத்திட்டாகப் படிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பழிபோடப்படும் அதிர்வுகளில் பல இப்படிப்பட்டவை.

கறுப்பைக் கழுவுவதற்கும் முறை உண்டு. சக்கரம் ஆறியபின், முதலில் தண்ணீரை மட்டும் விட்டு இளகியதை ஓடவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் இரும்புத் தூளே மேல்பூச்சைக் கீறும். அமிலக் கரைசல் அலாய் வீலைப் பாழாக்கும், கையையும் புண்ணாக்கும். பதிந்துபோன இரும்புக்கென்று வரும் திரவங்களில் தயோகிளைகோலேட் இருக்கிறது. அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படும் அதே வேதிக் குடும்பம். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும், நாற்றமும் அடிக்கும். அது காய்வதற்குள் அலசிவிட வேண்டும். டயர் பாலிஷை டிஸ்க் மேல் படும்படி அடிப்பதோ, தூள் மறைக்கத் தகடு வைத்து பிரேக்குக்குப் போகும் காற்றை அடைப்பதோ கூடவே கூடாது.

மின்கார்கள் இந்தக் கதையில் ஓரளவு விலகி நிற்கின்றன. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஆற்றலைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்புவதால் பேடுக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும் என்பது அதன் மறுபக்கம். ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி. 3, ஐ.டி. 4 மின்கார்களின் பின் சக்கரங்களுக்கு மீண்டும் டிரம் பிரேக் வைத்தது. அது மூடியது, துருவுக்கும் தூளுக்கும் ஒரே விடை. பெட்ரோல் பக்கத்தில் போர்ஷே 2017இல் கயன் காருக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க் கொண்டுவந்தது. தூள் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று சொல்லி, கேலிப்பருக்கு வெள்ளை வண்ணம் அடித்தார்கள். பணக்காரர்களின் காரில் தொடங்கிய இந்தப் பூச்சு யூரோ 7 நெருக்கடியால் சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, நாளைக் காலையிலிருந்தே மாற்றக்கூடிய ஒன்று நம் தெருமுனை ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியதும் கம்ப்ரஸர் குழாயை எடுத்து பிரேக்கின் மேல் புஸ்ஸென்று அடிப்பது அங்கே வழக்கம். டிரம்மைத் திறந்தால் தரையில் தட்டிக் கொட்டுவார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த தூள் ஒரே நொடியில் முகமட்டத்தில் மேகமாகக் கிளம்பும். அதற்குள் குனிந்து நிற்பது பெரும்பாலும் வேலை பழக வந்த பையன். ஒரு காரின் தூளை அதன் உரிமையாளர் சுவாசிப்பதில்லை. ஒரு நாளில் வந்துபோகும் எல்லாக் கார்களின் தூளையும் அவன் சுவாசிக்கிறான். பழைய லைனிங் என்றால் அதில் கல்நாரும் இருக்கலாம். பிரேக் கிளீனரை மெதுவாகத் தெளித்தோ ஈரத் துணியால் துடைத்தோ தூளை நனைத்து இறக்கினால் போதும்; அந்தத் துணியை உதறாமல் பையில் கட்டிப் போட வேண்டும். கூடவே மூக்கைச் சரியாக மூடும் என்95 முகக்கவசம். ஏர் அடிக்க வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள் அண்ணே என்று வண்டியைக் கொடுப்பவரே சொல்லலாம். அதற்கு ஆகும் கூடுதல் ஐந்து நிமிடத்துக்குக் கூலியும் கேட்காமலே கொடுக்கலாம்.